எதை விடுவீங்க?

அந்த மனிதரோடு ஓட்டலுக்குப் போவது போலப் பேஜாரு உலகத்தில் இல்லை. சர்வர் வந்து நின்று, "இன்னா சார் வேணும்?" என்பான். நாமாக இருந்தால் பிடித்ததைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவோம். இவர் சர்வரை அப்படியே நிற்கவைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார்.

"மேடம், சூடா இட்லி, ஆனா சட்னி கிடையாது, சாம்பார் மட்டும்தான். இல்லன்னா ஆறிப்போன இட்லி, மூணு சட்னி. எது?"

"சார், எனக்குப் பசி உயிர் போவுது."

"பசியிலதான் நிஜம் வரும். எதை விடுவீங்க?"

எதை விடுவீங்க. அவரோடு வேலை பார்த்த மூன்று வருஷத்தில் இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. எனக்கு முன்கோபம் உண்டு. ஆரம்பத்தில் ஒரு நாள், "உங்க கூட வேலை பாக்குறதத்தான் சார் விடணும்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்குப் பதிலா இன்னா எடுப்பீங்க?" என்று அக்கறையாகக் கேட்டார். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தன் பெயர் எங்காவது அச்சில் வந்தால் அவருக்குக் கூச்சமாகிவிடும். விழுப்புரத்தில் ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் சர்வே ஆபீஸ் இருந்தது. நான் ஃபீல்டு சூப்பர்வைசர். தினமும் காலையில் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். எனக்குக் கீழே எட்டுப் பெண்கள். ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டு வருவது எங்கள் வேலை. நாங்கள் கொண்டுவருவதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்குப் பார்ப்பது அவர் வேலை. என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் இரண்டு பேனா. இரண்டும் வேறு வேறு கலர், கேட்கவே வேண்டாம்.

அவர் வந்த முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கையில் டீயும் ஒரு கையில் காபியுமாக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அறிமுகம் கிடையாது, வணக்கம் கிடையாது. நான் காபியை எடுத்துக்கொண்டேன்.

"இடது கைங்களா நீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் இடது கையால் எதை வாங்கினாலும் அம்மா மணிக்கட்டில் அடிப்பாள். "ஆமா, அதுக்கு இன்னா இப்ப?" என்றேன்.

"ஒண்ணும் இல்லீங்க. வலது கைக்காரங்களுக்கு வலப்பக்கம் இருக்கறது கொஞ்சம் நல்லதாத் தெரியும். உங்களுக்கு இடப்பக்கம். அதனாலதான் அட்டைய எப்பவும் பக்கம் மாத்தி மாத்தி வெக்கணும்" என்று சொல்லிவிட்டு, மீதியிருந்த டீயைத் தானே குடித்துக்கொண்டு போனார்.

அந்த அட்டை சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அவரைத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு கம்பெனி புதிதாக ஒரு பொருள் செய்யப்போகிறது என்று வையுங்கள். ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று அதற்குத் தெரியவேண்டும். நேராகப் போய்க் கேட்டால் யாராக இருந்தாலும் என்ன சொல்வார்கள்? பெரியதாக இருக்கவேண்டும், உழைக்கவேண்டும், விலை குறைவாக இருக்கவேண்டும் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பொருள் இருக்கும். ஒன்று பெரியது, விலை கூட. இன்னொன்று சிறியது, விலை குறைவு, ஆனால் வேறொரு வசதி இருக்கும். இரண்டையும் முன்னால் வைத்து, எது என்று கேட்க வேண்டும். ரெண்டுமே வேண்டாம் என்று மூன்றாவது அட்டையும் ஒன்று உண்டு. இப்படிப் பன்னிரண்டு தடவை. எதற்காக எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது அதில் தானாக வெளியே வந்துவிடும்.

எல்லா ஆபீஸிலும் டேப்லெட்டுக்கு மாறியாகிவிட்டது. இவர் மட்டும் அட்டையை விடமாட்டேன் என்றார். திரையில் விரல் பழக்கத்தில் அமுக்கிவிடும், அட்டையென்றால் கை யோசித்துக்கொண்டு போகும் என்பது அவர் கட்சி. அதைவிடக் கண்டிப்பான சட்டம் ஒன்றும் வைத்திருந்தார். ஒரே ஜோடியை ஒருவரிடம் இரண்டாவது முறை கேட்கக் கூடாது. "ரெண்டாந்தரம் கேட்டா, மொதல்ல சொன்னது தப்பு போலன்னு நெனச்சிக்குவாங்க. அப்புறம் நம்மள சந்தோஷப்படுத்தத்தான் பதில் வரும். கை மொதல்ல எங்க போச்சோ அதுதான் அவங்க." ஒரு பெண் ஒரே ஜோடியை மறுபடி கேட்டாள் என்பதற்காக அவளுடைய அன்றைய தாள்கள் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டார். நான் அவருக்காக வாதாடவில்லை. அந்தப் பெண்ணோடு சேர்ந்து அவரைத் திட்டினேன்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பம் அவருடையது. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. சாயங்காலம் ஐந்தரை ஆனால் மீட்டிங்கோ மேனேஜரோ எதுவாக இருந்தாலும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். அப்படி ஒரு நாள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"மழைக்காலம் நாலு மாசமும் எங்க வூட்ல ஆளுக்கு ஒண்ணை விட்டுடுவோம். அம்மா ஒரு வருஷம் நெய், ஒரு வருஷம் வெல்லம். எனக்கு எட்டு வயசு இருக்கும். 'நீ எதைடா விடப்போற?'ன்னு கேட்டாங்க. பாவக்காயை விடறேன்னேன்."

"நல்ல ஆளு சார் நீங்க!"

"அம்மா சிரிக்கல. பிடிக்காததை விட்டா அது விட்டதாவாதுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் அதிரசத்தை விட்டேன். நாலு மாசம்." அதைச் சொல்லும்போது அந்த நாற்பது சொச்சம் வயது முகத்தில் இன்னும் அதிரசத்துக்கான ஏக்கம் இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்களில் ரேவதி என்றொரு பெண். இரண்டு இடத்திலிருந்து அவளுக்கு வரன் வந்து, வீட்டில் ஒரே குழப்பம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அழுதுகொண்டு இருந்தாள். சார் எழுந்து போய், ஒரு மணி நேரம் கழித்துப் பன்னிரண்டு ஜோடி அட்டை எழுதிக்கொண்டு வந்தார். அரசாங்க வேலை, ஆனால் மாப்பிள்ளை வாரக்கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். சொந்த வீடு, ஆனால் மூன்று நாத்தனார். இப்படியே போயிற்று. அழுதுகொண்டிருந்தவள் ஐந்தாவது ஜோடியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் பார்த்தால் அந்தப் பெண் சம்பளத்தை விட்டாள், சொந்த வீட்டை விட்டாள், நிறத்தைக்கூட விட்டாள். அம்மா வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் போய் வரவேண்டும் என்பதை மட்டும் ஒரு தடவைகூட விடவில்லை. இன்றைக்கு அவள் முண்டியம்பாக்கத்தில் குடியிருக்கிறாள். புருஷன் ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறார். விழுப்புரத்தில் அம்மா வீடு, ஒரே பஸ்.

அவருடைய கணக்குக்கு ஹைராரிக்கல் பேயஸ் என்று பெயர். எனக்குப் புரியவே இல்லை. ஓர் ஆளிடம் பன்னிரண்டே கேள்வி கேட்டுவிட்டு அவருடைய மனசை எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு நாள் பஸ்ஸில் வைத்தே சண்டைக்குப் போனேன். அவர் முன்னால் நின்ற கண்டக்டரைக் காட்டினார்.

"உங்கள தெனமும் பாக்குறாரு. நீங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே திண்டிவனம் டிக்கெட்டக் கிழிக்கிறாரு. சரிங்களா? இப்ப புதுசா ஒருத்தர் ஏறுறாரு. அவரு எங்க எறங்குவாருன்னு கண்டக்டருக்குத் தெரியாது. ஆனா இந்த பஸ்ல ஏறுறவங்க பாதிப் பேரு திண்டிவனம்னு தெரியும். அதனால அவரும் திண்டிவனமா இருக்கும்னு மனசுல வெச்சிக்குவாரு. அந்த ஆளு நாலு தரம் கூட்டேரிப்பட்டுலயே எறங்கினா, கண்டக்டரு நெனப்ப மாத்திக்குவாரு. அவ்வளவுதான் மேடம். அதிகம் தெரியாத ஆள ஊரோட சேத்துப் பாக்கணும். உறுதியாச் சொல்ற ஆள அவங்க வழில விட்டுடணும்."

"ஒரு தரம் இங்க, ஒரு தரம் அங்கன்னு மாத்தி மாத்தி எறங்கினா?"

"அவங்களத்தான் ஊரு தன் பக்கம் இழுத்துக்கும்."

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் நன்றாகத் தோன்றியது.

அந்த வருஷம் எங்கள் ஆபீஸை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. எங்கள் மேனேஜர் சென்னையிலிருந்து வந்த பையன், நல்லவன்தான். எங்களைக் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொன்னான். ஒரு கம்பெனி ஐஸ் பெட்டி செய்கிறது. மீன் விற்கிறவர்களும் காய்கறி, கீரை விற்கிறவர்களும் பஸ்ஸில் கொண்டுபோகிற மாதிரி பெட்டி. இந்த சர்வே ரிப்போர்ட்டை ஒழுங்காக, சொன்ன தேதியில் கொடுத்தால் அடுத்த மூன்று மாவட்ட வேலையும் எங்களுக்குத்தான். சொதப்பினால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். நானும் எட்டுப் பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் பெண்களில் மூன்று பேர் வீட்டில் அவர்கள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

பெட்டிக்கு அட்டைகள் தயாராயின. எவ்வளவு பெரியது, ஐஸ் எவ்வளவு நேரம் நிற்கும், சக்கரம் உண்டா இல்லையா, மூடி தண்ணீர் சொட்டாமல் இறுகுமா, விலை என்ன. கடற்கரையை விட்டுத் தள்ளியிருக்கும் கொல்லைமேட்டு ஊர்களில் வேலை சுலபமாக முடிந்தது. மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னார்கள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம்தான் மிச்சம். அங்கே பெண்கள் விடிகாலையில் கரையில் மீன் எடுத்து, பஸ்ஸில் திண்டிவனம் கொண்டுபோய் விற்றுவிட்டு, மத்தியானம்தான் திரும்புவார்கள். அலுப்பில் ஒருத்தியும் உட்காரமாட்டேன் என்கிறாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போது ஒரு அம்மாள் கேட்டாள்.

"கவருமெண்டுல குடுக்கறாங்களாம்மா இந்தப் பொட்டி?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். நான், "மொதல்ல எது வேணும்னு சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றேன். பத்து நிமிஷத்தில் குப்பமே கூடிவிட்டது. ரேஷன் கார்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி போட்டோகூடக் கொண்டுவந்தாள். என் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இரண்டே மத்தியானத்தில் வேலை முடிந்தது. ஜல்தியாக முடித்ததற்கு மேனேஜர் எனக்கு சபாஷ் போட்டான். நானும் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் போகவேண்டும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை சார் என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், குப்பத்துல இருக்கறவங்களுக்கு வெலை ஏற ஏறப் பெட்டி பிடிக்குது."

தாள்களை அடுக்குவது போல நான் குனிந்துகொண்டேன். "பெருசா இருந்தா பிடிக்கும்தானே சார்" என்றேன்.

"பெருசும் சின்னதும் தனியாப் பாத்தாச்சு. ஒரே பெட்டி, வெலை ஜாஸ்தின்னா அதத்தான் எடுக்குறாங்க."

மேனேஜர் கேட்டுவிட்டு, இது எல்லா இடத்திலும் நடப்பதுதான், விலை கூடினால் விருப்பம் குறையும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டுப்பாடு போட்டுவிட்டால் எல்லாம் நேராகிவிடும், போட்டு அனுப்புங்கள் என்றான். அப்படிச் செய்கிறவர்கள் உண்டுதான். சாரும் மறுக்கவில்லை. "போடலாம் சார். ஆனா அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு தெரியாமலே போயிடும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதுல ஒரே ஒருத்தர் மட்டும் மாறி நிக்கிறாங்க. நாப்பத்தேழாவது ஆளு. பன்னெண்டு தடவையும் வெலை பாத்துத்தான் எடுத்திருக்காங்க, ஒரு தரம்கூடத் தடுமாறல. குப்பமே ஒரு பக்கம் இழுத்தும் இந்த ஒருத்தர் அசையல. நாளைக்கு அவங்களப் போய்ப் பாத்துட்டு வரலாமா?"

மறுநாள் மத்தியானம் ஆபீஸிலிருந்து கிளம்பினோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். மயிலம் தாண்டினோம், திண்டிவனத்தில் வண்டி மாறினோம். சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே வருகிற ஆள் அன்று வாயைத் திறக்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நாற்பத்தேழாவது ஆள் கன்னியம்மா. ஐம்பது வயது இருக்கும். காலியான அலுமினியக் கூடையை வாசலில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டு இருந்தாள். சார் எதிரே மணலில் உட்கார்ந்தார்.

"நீங்க மீன் துன்னுவீங்களா சார்?" அவள்தான் முதல் கேள்வி கேட்டாள்.

"இல்லீங்க."

"அப்ப எங்க மீன் பொட்டியப் பத்தி உங்களுக்கு இன்னா அக்கறை?"

"அதைத் தலைல தூக்கறது நீங்கதானேங்க."

கன்னியம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. எல்லாரும் விலை அதிகமான பெட்டியை எடுக்கும்போது அவள் மட்டும் ஏன் எடுக்கவில்லை என்று சார் கேட்டார். அவள் கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அவுங்கள்லாம் ஓசில குடுக்கறாங்கன்னு நெனச்சிக்கினாங்க சார். சும்மா வர்றதுன்னா வெலை ஜாஸ்தியா இருக்கறதுதான நல்லது? அதக் கேட்டாங்க. எனக்கு எந்தக் காலத்துல ஓசில வந்துது? போன தபா குடுக்கும்போது லிஸ்ட்ல என் பேரே இல்ல. அதுக்கு முந்தியும் இல்ல. நான் எதுவா இருந்தாலும் காசு குடுத்துத்தான் வாங்கணும். அதான் காசப் பாத்து சொன்னேன்."

பிறகு என்னைக் காட்டினாள். அதில் குற்றம் சொல்லுகிற தொனிகூட இல்லை. "கவருமெண்டான்னு கேட்டதுக்கு இந்தம்மாதான், அப்புறம் பாக்கலாம்னு சொன்னாங்க."

கூசிப்போனேன். வேறு வார்த்தை இல்லை. பதினைந்து வருஷம் வெயிலில் அலைந்து சேர்த்த பெயர் அந்த மணலில் விழுந்து கிடந்தது. சார் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் பையிலிருந்து இரண்டு பழைய அட்டைகளை எடுத்துப் பின்பக்கம் எழுதினார். எழுதி எனக்கு முன்னால் வைத்தார்.

வலப்பக்கத்து அட்டையில்: ரிப்போர்ட் திங்கட்கிழமை போகும். நடந்தது யாருக்கும் தெரியாது. ஆபீஸ் நிற்கும். பெட்டி பெரிதாக, விலை கூடுதலாக வரும். கன்னியம்மா வாங்க முடியாது.

இடப்பக்கத்து அட்டையில்: ரிப்போர்ட் தாமதமாகும். தவறு யாருடையது என்று தெரிந்துவிடும். ஆபீஸ் நிற்குமா என்று தெரியாது. பெட்டி சரியாக வரும்.

"ரெண்டும் வேணாம்னு ஒரு அட்டை எப்பவும் வெப்பீங்களே சார், அது எங்க?" என்று சீறினேன்.

"இதுல அது கிடையாது மேடம்."

என் எட்டுப் பெண்களும் கண்முன் வந்தார்கள். மேனேஜர் சபாஷ் போட்டதும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கை குறுக்கே நீண்டு வலப்பக்கத்து அட்டையைத்தான் தொட்டது. அவர் பார்த்துவிட்டார். நானும் பார்த்துவிட்டேன். கன்னியம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள், அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நெருப்பைத் தொட்டவள் மாதிரி கையை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "சார், இன்னொரு தரம் கேளுங்க" என்றேன்.

ஒரே ஜோடியை இரண்டாவது முறை கேட்டதற்காக ஒரு நாள் தாளையே தூக்கிப் போட்ட மனிதர். கையிலிருந்த பேனாவைப் பைக்குள் செருகினார். பிறகு இரண்டு அட்டையையும் எடுத்து, பக்கம் மாற்றி, மறுபடியும் என் முன்னால் வைத்தார்.

"எதை விடுவீங்க மேடம்?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் அதைக் கேட்டு நான் கேட்டதில்லை.

ஆபீஸ் அட்டையைத் தள்ளிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன். அங்கேயே நின்று மேனேஜருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "மேடம், நீங்களா?" என்றான். அந்த இரண்டு வார்த்தை பல நாள் காதில் இருந்தது. ஐந்தரை ஆகிவிட்டது. சார் அந்த வாசலிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தார். கன்னியம்மா உள்ளே போய் ஒரு கையில் நுங்கும் ஒரு கையில் இளநீருமாக வந்து நின்று, "எது சார் வோணும்?" என்றாள். அவர் தடுமாறிப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன்.

கம்பெனிக்குச் சாரே போன் செய்து, தவறு எங்களுடையது, ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டார். அவர்கள் முதலில் எகிறினார்கள். பிறகு, சக்கரம் வைத்த பெரிய பெட்டி வார்க்க அச்சு செய்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவதற்கு ஒரு வாரம் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். நாங்கள் ஒன்பது பேரும் சாருமாக, புது ஜோடி அட்டைகளோடு குப்பத்துக்குத் திரும்பிப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் நான்தான் முதலில் பேசினேன். "இது ஓசி இல்லீங்க. அன்னிக்கு நான் சொல்லாம விட்டது என் தப்பு." பாதிக் கதவு முகத்தில் சாத்தப்பட்டது. ஒருத்தி, "போன வாரம் குடுக்கறேன்ற, இந்த வாரம் இல்லேன்ற, இன்னா வெளாடறியா?" என்று தெருவே கேட்கிற மாதிரி கிழித்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

இந்தத் தடவை குப்பம் என்ன சொன்னது தெரியுமா? சக்கரத்தை எடுத்த எடுப்பில் விட்டார்கள். மணலில் எந்தச் சக்கரம் உருளும்? பெரிய பெட்டியை விட்டார்கள். நாள் முழுக்க நிற்கிற ஐஸையும் விட்டார்கள், மத்தியானத்துக்குள் மீன் விற்றுவிடுமே. தண்ணீர் சொட்டாத மூடியை மட்டும் யாரும் விடவில்லை. தண்ணீர் சொட்டினால் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றமாட்டார். கொல்லைமேட்டுக்காரர்களுக்கோ சக்கரம் இல்லாமல் முடியாது. கரை தனி, கொல்லை தனி என்று பிரித்துச் சார் கணக்கை முடித்தார். கம்பெனி இரண்டு விதப் பெட்டி செய்ய முடிவெடுத்தது. மூன்று மாவட்ட வேலையும் எங்களுக்கே வந்தது. மேனேஜர் இரண்டு மாசம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தான், சரியாகப் போயிற்று.

சார் இப்போது சென்னையில் மகள் வீட்டோடு இருக்கிறார். ஆபீஸ் அதே மாடியில்தான் இருக்கிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் மரக்காணம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். குப்பத்து நிறுத்தத்தில் கன்னியம்மா ஏறினாள். தலையில் நீலநிறத்தில் சின்னப் பெட்டி, சக்கரம் இல்லாதது. கண்டக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, பெட்டியைத் தட்டிக் காட்டி, "காசு குடுத்து வாங்கினதும்மா" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெட்டியை மட்டும் படம் எடுத்துச் சாருக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "நாப்பத்தேழுதானே?"

இத்தனை வருஷம் கேட்காததை அப்போது கேட்டுவிட்டேன். "சார், ஒரே ஜோடிய யார்கிட்டயும் ரெண்டாந்தரம் கேக்க மாட்டீங்களே. அன்னிக்கு என்னை மட்டும் ஏன் கேட்டீங்க?"

இந்தத் தடவை பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பஸ் திண்டிவனத்துக்குள் நுழைந்துகொண்டு இருந்தது.

"அன்னிக்கு நான்தான் தப்பா வெச்சிட்டேன் மேடம். முதல் அட்டை உங்க வலது கைப் பக்கமா இருந்துச்சு. வலப்பக்கம்னா கை தானாப் போயிடும். அதான் மாத்தி வெச்சேன்."

நான் இடது கைக்காரி. அதை முதல் நாளே கண்டுபிடித்தவர் அவர்.